டிரைபாடுக்குக் குயிக் ரிலீஸ் கிளாம்ப் வடிவமைக்க இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேமராவை டிரைபாடில் நொடியில் பூட்டவும் கழற்றவும் உதவுகிற குயிக் ரிலீஸ் கிளாம்ப், பார்வைக்கு இரண்டு அலுமினியத் துண்டுகளும் ஒரு திருகும் மட்டுமே. இதில் என்ன இருக்கிறது என்ற துணிச்சலில்தான் கோயம்புத்தூரில் என் வீட்டு மேசையில் அமர்ந்து முதல் கோட்டை இழுத்தேன். விற்கத் தகுந்த ஒன்று கைக்கு வருவதற்குள் 14 மாதங்களும் ₹1,08,000 பணமும் போய்விட்டன. அந்தக் காலத்தில் பாதியையும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையும் மிச்சப்படுத்தியிருக்கலாம் என்பது இப்போது தெரிகிறது. எங்கெல்லாம் சறுக்கினேனோ அங்கெல்லாம் நீங்கள் சறுக்காமல் இருக்க, வேலையைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் உடைந்து கேமரா விழுவது மிக அரிது. பூட்டாததைப் பூட்டிவிட்டதாக நினைத்துக் கையை எடுக்கும்போதுதான் பெரும்பாலும் விழுகிறது. கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அந்தக் கண்ணோட்டத்திலேயே முடிவெடுங்கள்.

1. எந்தப் பிளேட்டுக்கான கிளாம்ப் என்பதை முடிவு செய்யுங்கள்

கேமராவின் அடியில் மாட்டும் தட்டுதான் பிளேட்; அதன் பக்கங்களைக் கிளாம்பின் இரு தாடைகள் இறுக்கிப் பிடிக்கும். புதிதாக ஒரு பிளேட் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம் ஏற்கெனவே நான்கைந்து பிளேட்டுகள் இருக்கும். உங்கள் கிளாம்புக்காக அவற்றை அவர் தூக்கி எறியமாட்டார். மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 போன்ற முறைகளும் பரவலாக இருக்கின்றன என்றாலும், மிகப் பல நிறுவனங்கள் செய்கிற வடிவம் ஆர்கா-ஸ்விஸ் வகை டவ்டெயில் என்பதால் நான் அதையே தேர்ந்தெடுத்தேன். அதன் பிளேட் அடிப்புறத்தில் ஏறத்தாழ 38 மி.மீ. அகலம் கொண்டது, இரு பக்கங்களும் 45 பாகைச் சரிவில் உள்நோக்கி ஒடுங்கும். அந்தப் பெயர் ஒரு நிறுவனத்துக்கு உரியது. ஆகவே உங்கள் பெட்டியில் ‘அந்த வகைப் பிளேட்டுகளுக்குப் பொருந்தும்’ என்று மட்டும் எழுதலாம், உங்கள் பொருளுக்கே அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது.

முதல் பொருளாகக் கிளாம்பை மட்டும் செய்யுங்கள். பிளேட்டையும் சேர்த்துச் செய்யப் போனால், கேமராவின் அடிப்பாகம், ரப்பர் பட்டை, கேமரா திரும்பிவிடாமல் தடுக்கும் விளிம்பு என்று வேலை இரண்டு மடங்காகிவிடும்.

2. பிளேட்டுகளைச் சேகரித்து அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றதுதான் என் முதல் பெரிய தவறு. ஆர்கா வகைக்கு எல்லோரும் கட்டுப்படுகிற எழுதப்பட்ட தரநிலை எதுவும் கிடையாது. 38 மி.மீ. என்பது ஒரு வழக்கம், அவ்வளவே. நண்பர்களிடம் இரவல் வாங்கியும் கடையில் விலைக்கு வாங்கியும் 11 பிளேட்டுகளை நான் சேர்த்தபோது, மிகக் குறுகியதற்கும் மிக அகன்றதற்கும் 0.5 மி.மீ. வித்தியாசம் இருந்தது. சரிவின் ஆழமும் ஒன்றுக்கொன்று மாறுபட்டது.

அளக்கும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. பிளேட்டின் கூரிய ஓரத்தைச் சிலர் மழுக்கியிருப்பார்கள், சிலர் மழுக்கியிருக்கமாட்டார்கள். வெர்னியரை அந்த ஓரத்தில் வைத்து அளந்தால் கிடைக்கும் எண் உங்களை ஏமாற்றிவிடும். கிளாம்ப் பிடிப்பது சரிவை, ஓரத்தை அல்ல. எனவே 3 மி.மீ. விட்டமுள்ள டோவல் பின் (துல்லிய அளவுள்ள சிறு உருளை) இரண்டை வாங்கி, பிளேட்டின் குறுகிய முகம் கீழே இருக்கும்படி ஒரு தட்டையான கண்ணாடியின் மீது வைத்து, இரு பக்கச் சரிவுகளுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள மூலையில் பக்கத்துக்கு ஒரு பின்னை ஒட்டி வைத்து, இரண்டு பின்களுக்கும் வெளியே வெர்னியரைப் பிடித்து அளவெடுங்கள். பிளேட்டுக்குப் பிளேட் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். அதனால் சூத்திரம் எதுவும் தேவையில்லை. ஒரே பின்களை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் போதும். மிகக் குறுகிய பிளேட்டிலும் மிக அகன்ற பிளேட்டிலும் பெயின்டால் குறி வையுங்கள். கடைசிப் படி வரை அவை தேவைப்படும்.

3. குமிழா, லீவரா என்பதைத் தேர்ந்தெடுங்கள்

குமிழைத் திருகி இறுக்கும் கிளாம்ப், பிளேட் எந்த அகலத்தில் வந்தாலும் அது வரை சென்று பிடித்துவிடும். லீவர் கிளாம்ப் அப்படியல்ல. லீவரின் அடியில் உள்ள கேம் (மையம் விலகிய அச்சில் சுழலும் வட்டு) குறிப்பிட்ட தொலைவு மட்டுமே தாடையை நகர்த்தும். பிளேட் அந்தத் தொலைவுக்குள் சிக்கவில்லையென்றால் லீவர் முழுவதுமாக மூடியிருக்கும், பிடி மட்டும் இருக்காது.

இதை நான் காகிதத்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு திருமண மண்டபத்தின் வாசலில், என் முதல் லீவர் மாதிரியில் நண்பரின் கேமராவை ஏற்றினேன். லீவர் கடைசி வரை சென்றது, ‘டக்’ என்ற சத்தமும் கேட்டது. மணமக்கள் படியேறும்போது அவர் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தார்; பிளேட் தாடைக்குள் மெதுவாக வழுக்கி, முனைக்கு வந்து, கேமராவோடு சேர்ந்து கிரானைட் தரையில் இறங்கியது. பிறகு அளந்து பார்த்ததில், அவருடைய பிளேட் நான் வைத்திருந்த பிளேட்டை விட 0.3 மி.மீ. குறுகலாக இருந்தது. பழுதுபார்ப்புச் செலவு ₹14,000.

லீவர்தான் வேண்டும் என்றால் நான்கு விஷயங்களைச் சேர்த்து வடிவமைக்க வேண்டும். முதலாவது, கேம் தானாகத் திரும்பிவிடாத அளவு. வட்டக் கேமின் விட்டம், மையவிலகலைப் போல (அச்சு வட்டின் மையத்திலிருந்து விலகியிருக்கும் தூரத்தைப் போல) 14 முதல் 20 மடங்கு இருக்க வேண்டும் என்பது ஃபிக்சர், அதாவது எந்திர வேலையில் துண்டைப் பிடித்து வைக்கும் சாதனம், செய்பவர்களின் பழைய விதி. மையவிலகல் 1 மி.மீ. என்றால் விட்டம் 20 மி.மீ. வையுங்கள். அப்போது லீவரின் 90 பாகைத் திருப்பத்தில் தாடைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1 மி.மீ. நகர்வுதான். என் வடிவத்தில் பிளேட்டின் ஒரு பக்கத்தை நிலைத் தாடைக்குள் சாய்த்து நுழைத்து மறுபக்கத்தை மேலிருந்து இறக்க, நகரும் தாடை சுமார் 3 மி.மீ. திறக்க வேண்டியிருந்தது. ஆகவே இறுக்குவதற்கு ஒரு கட்டம், திறப்பதற்கு ஒரு கட்டம் என்று கேமுக்கு இரண்டு கட்டங்கள் கொடுக்க வேண்டும். இல்லையெனில், பிளேட்டை முனையிலிருந்து வழுக்கித்தான் நுழைக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கேமுக்கும் தாடைக்கும் இடையே எதிரெதிராக அடுக்கிய டிஸ்க் ஸ்பிரிங் வாஷர்கள் (அழுத்தினால் ஸ்பிரிங் போல அமுங்கும் குழிந்த வாஷர்கள்). பிளேட்டுகளின் அகல வித்தியாசத்தில் ஒரு பகுதியை அவை உள்வாங்கிக்கொள்ளும். மீதிக்கு, மூன்றாவதாக, பயனர் தன் பிளேட்டுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளும் ஒரு சரிசெய் திருகு தேவை. நான்காவது, தாடை இறுக்கிப் பிடிக்காதபோது வெளியே தெரியும் சிவப்புப் பட்டை. அந்தப் பட்டை லீவரின் நிலையைக் காட்டக்கூடாது, தாடையின் நிலையைக் காட்ட வேண்டும். என் முதல் மாதிரியில் லீவரோடு நகரும் பட்டை இருந்திருந்தால், மண்டபத்தில் அதுவும் ‘பூட்டியாயிற்று’ என்றே சொல்லியிருக்கும்.

முதல் முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரை குமிழ்தான். எம்6 (6 மி.மீ. மெட்ரிக்) மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வு கிடைக்கும், வழுக்கி நுழைக்கும் பழக்கமுள்ளவருக்கு அரைச் சுற்று போதும். ‘குயிக்’ என்ற பெயருக்கு அது சற்றுக் குறைவுதான், ஆனால் பொய் சொல்லாது.

4. சுமையைக் கணக்கிடுங்கள், ஆனால் அதிலேயே மூழ்காதீர்கள்

கேமராவும் லென்ஸும் சேர்ந்து 2.5 கிலோ, எடை மையம் பிளேட்டிலிருந்து 70 மி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். டிரைபாடின் உச்சியில் கிளாம்பைத் தாங்கித் திரும்பும் ஹெட்டை 90 பாகை பக்கவாட்டில் சாய்த்தால் கிளாம்பின் மீது விழும் திருப்பு விசை சுமார் 1.7 நியூட்டன் மீட்டர். அதை 38 மி.மீ. அகலத்தால் வகுத்தால், ஒரு தாடையின் ஓரத்தை ஏறத்தாழ 45 நியூட்டன் விசை இழுக்கிறது. அதாவது 5 கிலோவுக்கும் குறைவான பாரம். கையால் குமிழை 1 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினாலே எம்6 திருகு 800 நியூட்டனுக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும். வலிமை தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதனால் தாடையின் தடிமனைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை, எடைதான் ஏறும்.

பிளேட் முனை வழியாக வழுக்கிவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டில் அந்த அக்கறையைக் காட்டுங்கள். பல பிளேட்டுகளின் அடியில் இரு முனைகளிலும் சிறு தடுப்புத் திருகுகள் இருக்கும். அவை இறங்குவதற்கு உங்கள் கிளாம்பின் தரையில் நீள்பள்ளம் இல்லையென்றால், அந்தப் பிளேட் சரியாக உட்காராது. பள்ளம் இருந்தால், பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் திருகு பள்ளத்தின் முனையில் இடித்து நின்றுவிடும்.

5. மரைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

கேமரா உலகின் மரைகள் இரண்டு: 1/4 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 மரை, 3/8 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 16 மரை. ஐஎஸ்ஓ 1222 இவற்றை வரையறுக்கிறது. கிளாம்பை ஹெட்டில் பொருத்த உங்களுக்குப் பெரும்பாலும் 3/8 தேவைப்படும்.

இதில் நம் ஊர்ப் பட்டறைகளுக்கே உரிய ஒரு பொறி உண்டு. கேமராவுக்கு வேண்டிய, அமெரிக்க முறையான யுஎன்சி மரையின் கோணம் 60 பாகை, பழைய பிரிட்டிஷ் முறையான பிஎஸ்டபிள்யூ மரையின் கோணம் 55 பாகை. ஆனால் 1/4 அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 20 மரைதான், 3/8 அளவில் இரண்டுக்கும் 16 மரைதான். ஆகவே தவறான டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டாலும் திருகு உள்ளே போய்விடும், யாருக்கும் சந்தேகம் வராது. நாள்பட நாள்பட மரை தேய்ந்து ஆடத் தொடங்கும்போதுதான் தெரியவரும். ‘கால் இஞ்ச் டேப்’ என்று வாயால் சொன்னால் பெட்டியில் எது இருக்கிறதோ அதுதான் விழும். வரைபடத்தில் ‘3/8-16 யுஎன்சி’ என்று முழுமையாக எழுதி, யுஎன்சி கேஜால் சோதித்துத் தர வேண்டும் என்று குறிப்பும் சேருங்கள். எம்6 திருகும் 1/4 துளையில் தளர்வாக இரண்டு சுற்று போகும். அசெம்ப்ளியின்போது இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவைக்காதீர்கள்.

6. பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய ஆவணங்கள்

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கம் ஜாப் ஆர்டர் எடுக்கும் வி.எம்.சி. (கணினி இயக்கும் வெட்டு எந்திரம்) பட்டறைகள் நிறைய உண்டு. அவர்களிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: ஸ்டெப் கோப்பு (முப்பரிமாண வடிவக் கோப்பு), அளவுகளும் ஏற்புவரம்புகளும் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற எல்லை) குறித்த பிடிஎஃப் வரைபடம், உதிரிப் பட்டியல், எழுத்தில் வேலை ஆணை. ஐந்தே ஐந்து துண்டுகள் என்றாலும் விலைப்புள்ளியை எழுத்தில் வாங்குங்கள். அதில் மெட்டீரியல், செட்டிங், ஃபிக்சர், ஆனடைசிங் (அலுமினியத்தின் மேல் உருவாக்கும் காப்புப் பூச்சு) ஆகியவை தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், ஜி.எஸ்.டி. அதற்கு மேல் வரும்.

பக்கத் தோற்றங்களை எந்த முறையில் வரைந்திருக்கிறது என்று சொல்லும், வரைபடத்தின் ஒரு மூலையில் இருக்கும் சிறு குறியீட்டை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தியப் பட்டறைகள் வரைபடத்தை முதல் கோண முறையில் படித்துப் பழகியவை. நான் பயன்படுத்திய மென்பொருளின் வார்ப்புரு மூன்றாம் கோணத்தில் இருந்தது; இவை இரண்டிலும் பக்கத் தோற்றங்கள் இடம் வலமாக மாறி அமையும். குறியீட்டையும் நான் போடவில்லை. முதல் தவணை ஐந்து துண்டுகளிலும் லீவருக்கான வெட்டு எதிர்ப்பக்கத்தில் விழுந்து வந்தது. பட்டறைக்காரர் மீது தவறில்லை; வரைபடத்தை அவர் படித்த முறைதான் சரி. ₹21,000 பழைய இரும்புக் கடைக்குப் போனது.

ஏற்புவரம்பை எல்லா அளவுக்கும் இறுக்கமாகப் போடுவது இன்னொரு புதியவர் பழக்கம். தாடையின் 45 பாகைச் சரிவுக்கும், தாடை நேராக நகர வழிகாட்டும் கைட் பின்னின் துளைக்கும் மட்டும் இறுக்கமாகக் கொடுத்து, மற்றவற்றுக்கு 0.1 மி.மீ. விட்டுவிட்டேன், இரண்டாம் விலைப்புள்ளி கணிசமாகக் குறைந்தது. உள்மூலையில் கட்டர் இறங்க இடம்விடும் சிறு பள்ளம் கொடுக்கவும் மறவாதீர்கள்.

7. வெளியே காட்டுவதற்கு முன் விண்ணப்பியுங்கள்

முதல் மாதிரி கைக்கு வந்த மகிழ்ச்சியில் நான் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டேன். காப்புரிமைக்குப் புதுமை வேண்டும். நாமே வெளியிட்டதும் அந்தப் புதுமையைக் கெடுத்துவிடும். அதனால் பின்னர் மாற்றியமைத்த பகுதிக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடிந்தது.

முதலில் கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெநெட் ஆகியவற்றில் இலவசமாகத் தேடுங்கள். எஃப்16எம் 11/04 என்ற வகைப்பாட்டின் கீழ் குவியலாகக் கிடைக்கும். உங்கள் யோசனை அதில் இருந்தால் வருத்தப்படலாம், செலவில்லை.

தனிநபர் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ₹1,600. முழு விவரம் தயாராகவில்லையென்றால் தற்காலிக விவரணையோடு விண்ணப்பித்து, 12 மாதங்களுக்குள் முழு விவரணையைத் தரலாம். படிவம் 1, 2, 3, 5 ஆகியவை வேண்டும். விவரணை 30 பக்கங்களையோ உரிமைக்கோரல்கள் பத்தையோ தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டு. விண்ணப்பித்தால் மட்டும் பரிசீலனை தொடங்காது. பரிசீலனை கோரும் படிவம் 18-ஐ ₹4,000 கட்டணத்துடன் 31 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். முன்பிருந்த 48 மாதக் கெடு 2024-இல் குறைக்கப்பட்டது என்பதால் பழைய கட்டுரைகளை நம்பாதீர்கள். பரிசீலனை அறிக்கை வந்தால் பதில் தர ஆறு மாதங்கள். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

தோற்றத்துக்கு மட்டும் பாதுகாப்புப் போதும் என்றால் வடிவமைப்புப் பதிவு மலிவு: தனிநபருக்கு ₹1,000, காலம் 10 ஆண்டுகள், மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் வேலை செய்யும் முறையை அது காக்காது. முகவர் வைத்தால் அவர் கட்டணம் இவற்றையெல்லாம் விடப் பெரியது. எனக்கு அரசுக் கட்டணத்தோடு சேர்த்து ₹26,000 ஆனது.

8. மாதிரி, மெட்டீரியல், ஆனடைசிங்

முதலில் 3டி பிரின்டில் எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். குமிழ் விரலுக்கு எட்டுகிறதா, திருப்பும்போது விரல் முட்டி ஹெட்டில் இடிக்கிறதா என்பது திரையில் தெரியாது. நான்கு மாதிரிகளுக்கு ₹4,000 ஆனது. மொத்தச் செலவிலேயே மிகப் பயனுள்ள தொகை அதுதான். பிளாஸ்டிக் மாதிரியில் கேமராவை மட்டும் ஏற்றாதீர்கள்.

உலோகத்துக்கு 6061 அல்லது 6082 அலுமினியக் கலவை, இரண்டும் டி6 பதத்தில் (வெப்பத்தால் பதப்படுத்தி வலுவேற்றியது). 6082-ஐ நம் கடைகளில் ‘எச்இ 30’ என்று கேட்க வேண்டும். டி6 என்று சொல்லிப் பதப்படுத்தாததைத் தந்துவிடுவதும் நடக்கிறது. டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள்.

ஆனடைசிங் பூச்சின் தடிமனில் ஏறத்தாழ பாதி, உலோகத்துக்கு வெளியே வளர்கிறது. 25 மைக்ரான் ஹார்ட் ஆனடைசிங் போட்டால் துளையின் விட்டம் சுமார் 25 மைக்ரான் சுருங்கும். அதுவரை வெண்ணெய்போல் நகர்ந்த என் தாடை, பூச்சிலிருந்து திரும்பி வந்தபோது கைட் பின்னில் ஏறவே மறுத்தது. மரையில் விளைவு இன்னும் அதிகம். துளைகளுக்கும் மரைகளுக்கும் அடைப்பான் போட்டு அனுப்ப வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதுங்கள்.

9. கேமரா இல்லாமல் சோதியுங்கள்

இரும்புத் துண்டுகளை அடைத்த 3 கிலோ பெட்டி ஒன்றின் அடியில் பிளேட்டை மாட்டிக்கொள்ளுங்கள். குறுகிய பிளேட், அகன்ற பிளேட் இரண்டிலும் ஒரு நாள் முழுவதும் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். ஆயிரம் முறை திறந்து மூடுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இது ஒரே மாலையில் முடிந்துவிடும், நீங்கள் எதிர்பாராத விதத்தில் தவறாகவும் பூட்டிக் காட்டுவார்கள். தாடையில் மணலைத் தூவிப் பாருங்கள்.

ஆட்டத்தை அறிய, பெட்டியின் மேல் லேசர் பாயிண்டரைக் கட்டி 5 மீட்டர் தொலைவில் உள்ள சுவரில் புள்ளியைக் குறித்துக்கொண்டு, விரலால் மெல்ல அழுத்துங்கள். விட்டதும் புள்ளி பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் தாடைக்குள் எங்கோ இடைவெளி இருக்கிறது.

10. செலவும் காலமும்

என் கணக்கு நோட்டில் உள்ளபடி: பிளேட்டுகள் ₹9,500, அளவுக் கருவிகள் ₹4,500, 3டி பிரின்ட் ₹4,000, வீணான முதல் உலோகத் தவணை ₹21,000, இரண்டாம் தவணை ₹24,000, ஆனடைசிங் இரண்டு முறை ₹5,000, காப்புரிமை ₹26,000, கேமரா பழுது ₹14,000. வீணான தவணையையும் பழுதையும் கழித்தால் ₹73,000.

காலத்தில், அளப்பதற்கும் வரைவதற்கும் ஆறு வாரங்கள், பிரின்ட் மாதிரிகளுக்கு மூன்று வாரங்கள், பட்டறைக்கு நான்கு வாரங்கள், ஆனடைசிங்குக்கு ஒரு வாரம், சோதனைக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஐந்து துண்டுகளுக்காகப் பட்டறை தன் பெரிய ஆர்டரை நிறுத்திவைக்காது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் கொடுத்தால் நான்கு வாரம் எட்டாகும்.

11. முதல் 50 துண்டுகள்

மொத்தமாகச் செய்யும்போது ஒவ்வொரு கிளாம்பையும் நீங்களே சோதித்த பிறகு பெட்டியில் வையுங்கள். குறி வைத்த குறுகிய பிளேட்டையும் அகன்ற பிளேட்டையும் மாற்றி மாற்றிப் பூட்டி, லீவர் வகையென்றால் இரண்டிலும் சிவப்புப் பட்டை மறைகிறதா, பிளேட்டை முனையிலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் அசைகிறதா என்று பார்க்க ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஹெட்டில் பொருத்தும் திருகுக்கு நடுத்தர வலிமையுள்ள நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி போடச் சொல்லிச் சீட்டு ஒன்றும் வையுங்கள். சிவப்பு லாக்டைட் போட்டால் சூடேற்றாமல் கழற்ற முடியாது. அந்த இரண்டு பிளேட்டுகளை மட்டும் எந்த நண்பர் கேட்டாலும் இரவல் கொடுக்காதீர்கள். என் குறுகிய பிளேட் ஒரு முறை ஊட்டிக்குப் போய்த் திரும்ப மூன்று வாரமானது; அதுவரை 30 கிளாம்புகள் சோதனையின்றி மேசையில் காத்திருந்தன.